பெஞ்சில் உட்கார வைக்கும் அக்கறை



1982-ஆம் ஆண்டு. சிகாகோ நகரில் மார்வா காலின்ஸ் என்ற ஆசிரியை நடத்திவந்த ஒரு சிறிய பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பில், அவர்களோடு சேர்ந்து பாடம் படிக்க ஓர் இளைஞர் வந்தார். உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். பெயர் கெவின் ராஸ். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் அவர் இருந்தது ஒரு கல்லூரியில்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்து ஆடுவதற்காகச் சேர்த்துக்கொண்டது. தகுதித் தேர்வில் அவர் வாங்கியது 36-க்கு 9. அந்த ஆண்டு அங்கே சேர்ந்தவர்களின் சராசரி 23-ஐத் தாண்டியிருந்தது. இந்தப் பையனால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் கூடைப்பந்து அணிக்கு அவர் தேவைப்பட்டார்.

பிறகு நடந்தவை அவர் தொடுத்த வழக்கின் பதிவுகளில் இருக்கின்றன. குறிபார்த்துச் சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு மாதிரியான பாடங்களை எடுக்கச் சொன்னார்கள். அவருக்காகப் பாடங்களை வாசிக்கவும் அசைன்மென்ட்டைத் தயாரித்து டைப் அடித்துக் கொடுக்கவும் ஒரு செயலாளரை அமர்த்தினார்கள். பட்டம் பெற 128 கிரெடிட் வேண்டும்; நான்கு ஆண்டுகளில் அவர் எடுத்தது 96. வெளியே வந்தபோது அவருடைய மொழித்திறன் நான்காம் வகுப்பு மாணவனின் அளவில் இருந்தது. வாசிப்புத்திறன் ஏழாம் வகுப்பு அளவு. அதனால்தான் சிகாகோவில் அந்தக் குழந்தைகளோடு உட்கார வேண்டி வந்தது. அந்தப் படிப்புக்கான செலவைக் கல்லூரியே ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்றைத்தான். அந்த நான்கு ஆண்டுகளில் கெவின் ராஸை யாரும் தண்டிக்கவில்லை. எல்லோரும் அவரிடம் நல்லவர்களாகவே நடந்துகொண்டார்கள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்கள். ஒரே ஒருவர், ஒரே ஒரு செமஸ்டரில், "தம்பி, இந்த சீசன் நீ ஆட வேண்டாம். முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்வோம்" என்று சொல்லியிருந்தால்?

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அங்கே சனிக்கிழமை மேட்ச் என்றால் ஊரே திருவிழாக் கோலம் பூணுவதைப் போனில் காட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போது நமக்கும் ஆசை வருகிறது. இங்கேயும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் வாங்கிய பிள்ளைகள் உள்ள வீடுகள் ஏராளம். காலையில் கிரவுண்ட், மாலையில் கிரவுண்ட், நடுவில் தூக்கம் சொக்கும் வகுப்பு. டோர்னமென்ட்டுக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்கும், வருகைப் பதிவு சரியாகிவிடும். நடத்திய பாடம்? அது அரியராக அப்படியே நிற்கும். "விளையாடட்டும் விடுங்க, படிப்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கோச் சொல்லும்போது அப்பா அம்மாவுக்கு எதிர்த்துப் பேச வாய் வருமா?

அதனால், இந்த விஷயத்தில் நம்மைவிட ரொம்பக் காலம் அடிபட்ட அமெரிக்காவைக் கொஞ்சம் பார்ப்போம். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழில். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் கீழ் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவிகள் ஆடுகிறார்கள். அவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர்களாக மாறுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லோரும் நம்மைப் போல வேலை தேடி, சம்பளம் வாங்கி, குடும்பம் நடத்த வேண்டியவர்கள்தான். அப்படியானால் அந்த நான்கு ஆண்டுகளில் அவர்களுக்கு மிச்சமாக வேண்டியது எது?

ஜான் தாம்சனுக்கு அந்தப் பதில் தெரிந்திருந்தது. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச்சாக இருந்தவர். 1984-ல் தன் அணியைத் தேசிய சாம்பியன் ஆக்கியவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத் தலைமைக் கோச். தன் அலுவலகத்தில் காற்று இறங்கிய ஒரு கூடைப்பந்தை வைத்திருந்தார். ஒருநாள் உங்கள் பந்திலும் காற்று இறங்கும், அன்று கையில் என்ன இருக்கும் என்று பையன்களிடம் கேட்பதற்காக. கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அவரிடம் நான்கு ஆண்டுகளும் ஆடியவர்களில் நூற்றுக்கு 97 பேர் பட்டத்தோடு போனார்கள்.

இப்படிப்பட்டவர் 1989 ஜனவரி 14 அன்று, பாஸ்டன் காலேஜுடன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மைதானத்தை விட்டு வெளிநடப்பு செய்தார். எதற்கு? படிப்புத் தகுதியைக் கடுமையாக்கும் ஒரு புதிய விதியை எதிர்த்து!

படிப்பை வலியுறுத்தும் ஒருவர் படிப்புக்கான விதியை எதிர்ப்பாரா என்று தோன்றும். விஷயம் இதுதான். அதற்கு முன்னால் இருந்த விதிப்படி, மதிப்பெண்ணோ தகுதித் தேர்வோ குறைந்த மாணவன் முதல் ஆண்டு ஆட முடியாது. ஆனால் ஸ்காலர்ஷிப்போடு கல்லூரியில் இருந்து படிக்கலாம், தேறியதும் ஆடலாம். புதிய விதியோ அந்த ஸ்காலர்ஷிப்பையும் பிடுங்கியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அப்பா பணத்தில் படிப்பான். ஏழை வீட்டுக் கறுப்பினப் பையன்? அவன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தாம்சன் எதிர்த்தது அதை. நாடு முழுவதும் பேச்சாகி, பிறகு அந்த விதி தளர்த்தப்பட்டது.

இந்த இடத்தில்தான் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். படிப்பில் பின்தங்கினால் ஆட்டத்தை நிறுத்துங்கள், தயங்காமல் நிறுத்துங்கள். ஆனால் வகுப்பறையை, விடுதியை, ஸ்காலர்ஷிப்பைத் தொடாதீர்கள். எதில் குறை இருக்கிறதோ அதற்கான கதவையே மூடிவிட்டு ஒழுங்கு கற்பித்தோம் என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இன்றைக்கு அங்கே இருக்கும் விதிகள் ஓரளவு இந்த வழியில்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. முதல் நிலைப் போட்டிகளில் ஆடும் மாணவர் இரண்டாம் ஆண்டு முடிவில் தன் பட்டப்படிப்பில் நூற்றுக்கு 40 பங்கை முடித்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80. நம் பாஷையில் சொன்னால், அரியரை எல்லாம் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிவைக்க முடியாது. ஒவ்வொரு ஆண்டும் கணக்குத் தீர்க்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பிள்ளை எங்கே வழுக்குகிறான் என்பது இரண்டாம் ஆண்டிலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடுமல்லவா?

மாணவனுக்கு மட்டுமல்லாமல் அணிக்கும் மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு புள்ளிகள்: படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியை விட்டு ஓடாமல் இருந்தால் ஒன்று. மொத்தத்தை ஆயிரத்துக்குக் கணக்கிடுவார்கள். நான்கு ஆண்டுச் சராசரி 930-க்குக் கீழே போனால் அணிக்குத் தண்டனை.

2011-ல் கூடைப்பந்தில் தேசிய சாம்பியன் ஆன கனெக்டிகட் பல்கலைக்கழகம் இதில் மாட்டியது. 2009-10 கல்வியாண்டில் அதன் புள்ளி 826. விளைவு, 2013-ல் தேசியப் போட்டியில் நுழையவே தடை. சாம்பியன் கல்லூரிக்கே தடை போட்டார்களே என்று பாராட்டத் தோன்றுகிறது. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் ஓர் உறுத்தலும் இருக்கிறது. தடை வந்தபோது, புள்ளி சரிந்த காலத்துக் கோச் ஓய்வு பெற்றுவிட்டார். அப்போது படிக்காமல் விட்டவர்களில் பலர் கல்லூரியிலேயே இல்லை. சில நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறிக்கொண்டார்கள். தண்டனையை வாங்கிக்கொண்டது இருந்து ஆடிய பையன்கள். ஷபாஸ் நேப்பியர் என்ற ஆட்டக்காரர் போகாமல் இருந்தார். அடுத்த ஆண்டு, 2014-ல், அதே அணி கென்டக்கியை 60–54 என்று வென்று மறுபடி சாம்பியன் ஆனது. வெற்றி பெற்ற கையோடு மைதானத்திலேயே மைக்கைப் பிடித்து, எங்களைத் தடை செய்தால் இப்படித்தான் ஆகும் என்று நேப்பியர் முழங்கினார். அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தண்டனை தாமதமானால் அது தப்பு செய்தவன் தலையில் விழுவதில்லை. தம்பி தலையில் விழுகிறது.

விதி வந்தால் அதைச் சுற்றிப் போகும் பாதையும் வரும் என்பதை நான் மறைக்கவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக, வகுப்பே நடக்காத பாடங்களில் ஒரே ஒரு கட்டுரை வாங்கிக்கொண்டு நல்ல மதிப்பெண் போட்டார்கள். 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பயன் பெற்றார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு மாணவர்கள். 2014-ல் விசாரணை அறிக்கை வந்தது. மற்ற மாணவர்களும் சேரக்கூடிய பாடங்கள்தானே அவை என்பதால் தன்னால் தண்டிக்க முடியவில்லை என்று 2017-ல் என்.சி.ஏ.ஏ. கைவிரித்தது.

அதனால்தான் விதியைவிட ஆசிரியர்களை நான் அதிகம் நம்புகிறேன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜேன் கெம்ப் என்றோர் ஆங்கில ஆசிரியை இருந்தார். அடிப்படை ஆங்கிலத்தில் தேறாத ஒன்பது அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களை, முக்கியமான ஆட்டம் ஒன்று இருக்கிறது என்பதற்காக 1981-ல் அடுத்த கட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். தவறு என்று அவர் சொன்னார். பதவி இறக்கினார்கள், பிறகு வேலையை விட்டே எடுத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். 1986-ல் ஜூரி அவர் பக்கம் நின்றது. 25 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பிறகு அந்தத் தொகை பத்து லட்சத்துக்குச் சற்று மேல் என்று குறைந்தாலும், வேலை திரும்பக் கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். அந்த ஒன்பது பேரின் பெற்றோரில் யாராவது அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லியிருப்பார்களா? சொல்லியிருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இதுவரை பேசியது படிப்பு. இனி நடத்தை.

இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. "ஒழுங்கீனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வகுப்புக்குப் போகாததும், விடுதியில் இரவு தாமதமாக வந்ததும், ஒரு பெண்ணை அடித்ததும் ஒன்றாகுமா? முதல் இரண்டையும் கோச்சும் வார்டனும் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது அவர்கள் கையில் இருக்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

1995 செப்டம்பர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்தில் நடப்புச் சாம்பியன். அதன் பெரிய நட்சத்திரம் லாரன்ஸ் ஃபிலிப்ஸ், தன் முன்னாள் தோழியைத் தாக்கியதற்காகக் கைதானார். கோச் டாம் ஆஸ்போர்ன் முதலில் அவரை அணியிலிருந்து விலக்கினார். பிறகு அது தற்காலிக நீக்கமாக மாறியது. ஆறு ஆட்டங்கள் வெளியே இருந்துவிட்டு, அந்த சீசன் முடிவதற்குள்ளேயே ஃபிலிப்ஸ் திரும்பி வந்தார். 1996 ஜனவரி 2 அன்று நடந்த ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் நெப்ராஸ்கா, ஃப்ளோரிடாவை 62–24 என்று நொறுக்கி மறுபடி சாம்பியன் ஆனது. அன்று ஃபிலிப்ஸ் மட்டும் 165 யார்டு ஓடினார்.

ஆஸ்போர்னைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 25 சீசன் கோச்சாக இருந்த, அமைதியான, மதிக்கப்பட்ட மனிதர். பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அவர் சொன்ன காரணத்தையும் கேட்க வேண்டும். ஃபிலிப்ஸ் வீடு என்று ஒன்று சரியாக அமையாமல், கலிஃபோர்னியாவில் பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்த பையன். அவனுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் கால்பந்து. அதையும் அறுத்துவிட்டால் அவன் எங்கே போவான்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் தாய் மனம் உள்ள யாரும் இளகிவிடுவோம். நானும் இளகினேன். ஆனால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அடி வாங்கிய பெண்ணும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவி. அவரும் அங்கே கூடைப்பந்து அணியில் ஆடியவர். அவருக்குப் பிடிமானம் எது? தன்னை அடித்தவர் மறுபடி கைத்தட்டலோடு மைதானத்தில் இறங்குவதை அதே வளாகத்தில் இருந்துகொண்டு அவர் பார்க்க வேண்டியிருந்ததே, அதைப் பற்றி எத்தனை பேர் அப்போது கவலைப்பட்டார்கள்?

ஃபிலிப்ஸுக்குக் கால்பந்து தேவை என்று சொன்ன கல்லூரிக்கு ஃபிலிப்ஸும் தேவைப்பட்டார். அக்கறையும் ஆதாயமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தீர்ப்பு சொல்லும் இடத்தில் அவரை உட்கார வைக்கக் கூடாது. பையனுக்குத் தினசரி ஒழுங்கு வேண்டுமென்றால், உடற்பயிற்சி, ஆலோசகர், டியூட்டர், வகுப்பு எல்லாவற்றையும் கொடுக்கலாமே. டி.வி.யில் நாடே பார்க்கும் ஆட்டத்தில் இறக்குவதுதான் மருந்தா?

அந்த ஆண்டே ஃபிலிப்ஸைத் தொழில்முறை அணி ஒன்று ஆறாவது தேர்வாக எடுத்துக்கொண்டது. அங்கேயும் நிலைக்கவில்லை. மேலும் மேலும் வன்முறை வழக்குகள், 30 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத் தண்டனை. 2016 ஜனவரியில், 40 வயதில், கலிஃபோர்னியாவில் சிறைக் கைதியாக இருந்தபோதே இறந்தார். அந்த ஆறு ஆட்டங்கள் அறுபதாக இருந்திருந்தால் அவர் திருந்தியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பிஞ்சு வயதின் காயங்கள் கடைசிவரை ஆறியதாகத் தெரியவில்லை என்று மட்டும் சொல்வேன். ஓடச் சொன்னவர்கள்தான் அதிகம்.

அதே 2016-ல் டெக்சஸ் மாநிலத்தின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் பூதம் வெளியே வந்தது. கால்பந்து ஆட்டக்காரர்கள் மீது மாணவிகள் கொடுத்த பாலியல் வன்முறைப் புகார்களை, விளையாட்டுத் துறை வெளியே சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது என்று விசாரணையில் தெரிந்தது. புகார் கொடுத்தவர்களிடம் கால்பந்துத் துறையினரே நேரடியாகப் பேசியிருக்கிறார்கள். இதற்கான பயிற்சியோ அதிகாரமோ அவர்களுக்கு இல்லை. கோச் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் பதவியிலிருந்து கென் ஸ்டார் இறக்கப்பட்டார். கிளின்டன் விவகாரத்தை விசாரித்த அதே ஸ்டார்தான். ஆனால் எத்தனை பெண்கள் படிப்பைப் பாதியில் விட்டு வீடு திரும்பினார்கள்? அந்த வீடுகளில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள்? பெண் பிள்ளைகளை விடுதியில் விட்டிருக்கும் எந்தப் பெற்றோருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறேன்: ஒரு மாணவர் மீது இப்படிப் புகார் வந்தால் காவல் துறைக்கும், விளையாட்டுத் துறைக்குச் சம்பந்தமில்லாத கல்லூரிக் குழுவுக்கும் அன்றே போக வேண்டாமா? விசாரணை முடியும்வரை ஆட்டக்காரர் வெளியே உட்காரட்டும். அவர் நிரபராதி என்றால் சில மேட்ச் போகும், போகட்டும். நிரூபணம் ஆகும்வரை ஆட விடலாமே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சட்டப்படி ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல நிரூபணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் கல்லூரி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடுவது உரிமையா, கௌரவமா? கௌரவத்தைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துக்கொள்ள நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை.

எல்லாக் கல்லூரியும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஒழுக்க விதிமுறை ஒன்று உண்டு. ஆட்டக்காரர் என்றில்லை, சேரும் எல்லா மாணவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். 2011 மார்ச்சில் அதன் கூடைப்பந்து அணி 27 ஆட்டங்களில் வென்று, இரண்டில் மட்டுமே தோற்று, நாட்டில் மூன்றாவது இடத்தில் இருந்தது. தேசியப் போட்டிக்குச் சில வாரங்களே பாக்கி. அந்த நேரத்தில் பிராண்டன் டேவிஸ் என்ற முக்கிய ஆட்டக்காரர் விதிமுறையை மீறியது தெரியவந்தது. சீசன் முழுக்க வெளியே என்று கல்லூரி அறிவித்துவிட்டது. அடுத்த ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் தோற்றார்கள்.

அந்தக் கல்லூரியின் விதிகள் மிகவும் கண்டிப்பானவை. அவை எல்லோருக்கும் ஏற்புடையவையாக இருக்க வேண்டியதில்லை. எனக்கே சிலவற்றில் உடன்பாடு இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் அது ஒன்றுபோல நடந்ததை மதிக்கிறேன். முக்கியமாக, டேவிஸைத் துரத்திவிடவில்லை. அடுத்த சீசனில் அவர் திரும்பி வந்து அதே ஜெர்சியில் ஆடினார். தண்டனைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தது.

இப்போது அமெரிக்காவில் நிலைமை இன்னும் சிக்கலாகிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் வரை. அந்த உழைப்புக்கு அவர்கள் பங்கு கேட்டது நியாயம்தான் என்பது என் கருத்து. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. 2024 முதல், படிப்புத் தகுதி சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி, உடனே ஆடலாம். இன்று கோச் கண்டித்தால் நாளை வேறு ஊர்க் கல்லூரி கைநீட்டி வரவேற்கும். பத்தொன்பது வயதுப் பையன், கையில் பணம், கண்டிக்கப் பயப்படும் பெரியவர்கள். இது எந்த வீட்டில் நடந்தாலும் நாம் என்ன சொல்வோம்?

வீடு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "கோச் கார்ட்டர்" படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது நிஜமாக நடந்தது. கல்லூரியில் அல்ல, கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரத்து மேல்நிலைப் பள்ளியில். 1999 ஜனவரியில், 13 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காத தன் அணிக்கு கென் கார்ட்டர் மைதானக் கதவைப் பூட்டினார். வகுப்புக்கு ஒழுங்காகப் போவது, குறிப்பிட்ட மதிப்பெண் வாங்குவது என்று பையன்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைக் காப்பாற்றவில்லை என்பதால். பந்தாடும் நேரத்தில் நூலகத்துக்குக் கூட்டிப் போனார். அவரை எதிர்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பையன்களின் பெற்றோர் சிலரும் ஊராரில் சிலரும்! என் பிள்ளைக்கு இருக்கும் ஒரே நல்ல விஷயத்தையும் பறிக்கிறீர்களே என்று அவர்கள் கேட்டார்கள்.

அந்தப் பெற்றோர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையின் பெயர் செய்தித்தாளில் வரும் சந்தோஷம் லேசானதா? சொந்தக்காரர்கள் போன் செய்து விசாரிக்கும் பெருமை வேறு. அந்த நேரத்தில் பி.டி. மாஸ்டர் கூப்பிட்டு, "இந்த மாசம் உங்க பையன் ஆட மாட்டான்" என்று சொன்னால் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் உடனே கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போகாதீர்கள். எம்.எல்.ஏ.விடம் சிபாரிசுக் கடிதம் வாங்காதீர்கள். அந்த மாஸ்டரிடமே போய், என்ன பாடத்தில் பின்தங்கியிருக்கிறான், யார் சொல்லிக்கொடுப்பார்கள், எப்போது திரும்ப ஆடலாம் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மாஸ்டர் உங்கள் பக்கம் இருக்கிறார். பதில் இல்லாமல் தண்டிக்க மட்டும் செய்கிறவரிடம், பதில் வரும்வரை விடாமல் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் ஊருக்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். இங்கே அமெரிக்கா மாதிரி கல்லூரி ஆட்டக்காரருக்குக் கோடிகள் கிடையாது. பெரும்பாலான வீடுகளின் கனவு ரயில்வேயிலோ காவல் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அந்த ரயில்வே வேலைக்கும் மெடல் மட்டும் போதாது. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஒரு நிலை, பிளஸ் டூ முடித்தவருக்கு அதற்கு மேல், பட்டதாரிக்கு அதற்கும் மேல் என்று படிப்புக்கு ஏற்பத்தான் பதவி. ஒரே திறமையுள்ள இரண்டு பேர், ஒருவர் பட்டத்தோடும் ஒருவர் நான்கு அரியரோடும் போனால், வித்தியாசம் ஆயுள் முழுக்கச் சம்பளச் சீட்டில் தெரியும். இந்தக் கணக்கை முதலாம் ஆண்டிலேயே பையனிடமும் பெண்ணிடமும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஓ.டி. கொடுக்கும் கல்லூரிகளிடம் என் வேண்டுகோள் சின்னது. டோர்னமென்ட்டுக்குப் போன பத்து நாளுக்கு வருகை போடுவதோடு, திரும்பி வந்த பிறகு அந்தப் பத்து நாள் பாடத்தை நடத்த மாலையில் ஓர் ஆசிரியரை ஒதுக்குங்கள். அதற்கு அவருக்குத் தனியாக ஊதியம் கொடுங்கள். பெரிய செலவு ஆகாது.

நம் வாசகர்களில் உடற்கல்வி ஆசிரியர்கள், கோச்கள், விடுதி வார்டன்கள் பலர் இருக்கிறீர்கள். நன்றாக ஆடும் ஒரு மாணவரை நீங்கள் ஆட வேண்டாம் என்று நிறுத்திய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அப்போது கல்லூரி உங்கள் பக்கம் நின்றதா, வீட்டார் என்ன சொன்னார்கள், அந்த மாணவர் இப்போது என்ன செய்கிறார் என்பதையும் எழுதுங்கள். மாணவரின் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம். உங்கள் பெயரையும் நீங்கள் விரும்பினால் மட்டுமே போடுவோம். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்